பேப்பரில் பேர் இல்லாத கிரேன்காரர்

எங்கள் தெருவில் அவரைக் கிரேன்காரர் என்றால்தான் தெரியும். துறைமுகத்தில் முப்பத்து நாலு வருடம் கிரேன் ஓட்டியவர். தரையிலிருந்து பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைத்தவர். ஓய்வு பெற்று இறங்கி வந்த பிறகு அவருக்குத் தரை ஒத்துக்கொள்ளவில்லை. நாற்காலிக் காலில் இடித்துக்கொள்வார். வாசல்படியில் தடுக்குவார். டம்ளரைத் தட்டிவிடுவார்.

"அத்தனை பெரிய பெட்டியை அங்குலம் பிசகாம வெச்ச மனுஷன், ஒரு டம்ளரை மேஜை மேல வைக்கத் தெரியல பாருங்க" என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

நான் எதிர்வீட்டுக்காரன். நடந்ததில் பாதியை அந்த அம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன். மீதியை என் ஜன்னலே காட்டிக்கொடுத்தது.

அந்த அம்மாளுக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், முத்திரை, எல்லாம் அவர் கையில். தேதியும் கையெழுத்தும் இல்லாத காகிதம் அவரிடம் செல்லாது. கிரேன்காரர் காய்ச்சலில் படுத்தால்கூட லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்று தெருவில் கிண்டல் செய்வோம்.

அவர்கள் வீட்டின் பின்பக்கம் கடலைப் பார்த்தது. நடுவில் இரண்டே தெரு. கொல்லை முழுக்க மணல். எதை நட்டாலும் உப்புக் காற்று ஒரே மாதத்தில் இஸ்திரிப் பெட்டி வைத்ததுபோல இலைகளைப் பொசுக்கிவிடும். ரோஜா போயிற்று, செம்பருத்தி போயிற்று, யாரோ "இது சாகவே சாகாது" என்று கொடுத்த கள்ளிச்செடிகூட ஒரு பக்கமாகச் சாய்ந்து உயிரை விட்டது. மழை பெய்தால் வேறு கூத்து. கொல்லைத் தண்ணீர் அத்தனையும் சமையலறைக் கதவுக்கு வந்து நிற்கும். பழைய துண்டுகளைச் சுருட்டிக் கதவிடுக்கில் திணித்துக்கொண்டு இருவரும் ஆளுக்கொரு முறத்தோடு காவல் இருப்பார்கள்.

கொல்லையைச் சீர்செய்ய முதலில் கிரேன்காரர் கூட்டிவந்தது ஒரு மண்வெட்டிக்காரரை. "தெரிஞ்ச ஆளு. கை சுத்தம்" என்று சிநேகிதர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். வந்தவர் நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. முதல் நாள் காலையிலேயே மண்வெட்டி குடிநீர்க் குழாயில் விழுந்து தெருவுக்கே நீரூற்று கிடைத்தது. மறுநாள் பழைய துணி துவைக்கும் கல்லைப் புரட்டும்போது அது அவர் பாதத்தின் மேல் விழுந்தது. எலும்பு முறிவு. கிரேன்காரரின் மனைவி அரைநாள் லீவு போட்டுவிட்டு மருத்துவமனையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அந்த ஆளின் மனைவி வந்தார். கோபப்படவில்லை, அழவும் இல்லை. "ஆறு வாரம் நடக்கக் கூடாதாமே, நாங்க என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

கிரேன்காரரும் மனைவியும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி அம்மாளை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்க. இனிமே நம்ம மண்ணுல கால் வைக்கிற ஆளுகிட்ட ரெண்டு பேப்பர் இருக்கணும். வேலை தெரியும்னு ஒண்ணு, அடிபட்டா பார்த்துக்குவாங்கன்னு ஒண்ணு."

"புல்லு நடறதுக்கு லைசென்ஸாம்மா?"

"கிரேன்ல ஏற உங்களுக்குக் கேட்டாங்களா இல்லையா?"

கிரேன்காரர் போனை எடுத்துக் காண்ட்ராக்டர்களைத் தேட ஆரம்பித்தார்.

அடுத்த வாரத்தில் மூன்று தோட்டக் காண்ட்ராக்டர்கள் வந்தார்கள். முதலாமவர் காதில் போனை வைத்தபடியே வந்து, காதில் போனை வைத்தபடியே கொல்லையைச் சுற்றினார். லைசென்ஸ் பற்றிக் கேட்டதும் போனை ஒரு நிமிடம் இறக்கி, "எங்க வேலைதாம்மா எங்க லைசென்ஸ்" என்றார். "அந்த வேலைய போட்டோகாபி எடுத்துத் தர முடியுமா?" என்று அம்மாள் கேட்டார். அவர் மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டு போனவர்தான்.

இரண்டாமவர் அட்டையை எடுத்து நீட்டினார். முத்திரை, தேதி எல்லாம் சரி. போட்டோவில் இருந்தவருக்கு மட்டும் அடர்த்தியான மீசை, நெற்றி வரை முடி. வந்தவருக்கு இரண்டும் இல்லை.

"இது நீங்களா?"

"மச்சானுதுங்க. எங்களுக்குள்ள வித்தியாசம் பார்க்கிறதில்ல."

"நாங்க பார்ப்போம்" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார் அம்மாள்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் அகலமான தொப்பி, தோளில் தொங்கும் பிளாஸ்டிக் ஃபைல். நாற்காலியில் உட்காரும் முன்பே ஃபைலைத் திறந்து மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது லைசென்ஸ். இது என் ஆளுங்களுக்கு அடிபட்டா வர்ற இன்சூரன்ஸ். இது எங்களால அடுத்தவங்க சொத்துக்கு ஏதாவது ஆனா வர்றது. நம்பர் கீழ இருக்கு, போன் பண்ணிப் பாருங்க."

மற்றவர்களாக இருந்தால் "பரவாயில்ல, பரவாயில்ல" என்றிருப்பார்கள். அம்மாள் நிஜமாகவே போனை எடுத்தார். லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஒன்று, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒன்று. இரண்டாவதில் இருபது நிமிடம் இசை மட்டும் கேட்டது. கிரேன்காரருக்குக் கூச்சமாகிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, இவ இப்படித்தான்."

"ஐயோ, இருக்கட்டும் சார். எட்டு வருஷமா எல்லார்கிட்டயும் போன் பண்ணிப் பாருங்கன்னு சொல்றேன். ஒருத்தர்கூடப் பண்ணினதில்ல. அந்தப் பக்கம் என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்க எனக்கே ஆசையா இருக்கு."

அந்தப் பக்கம் எல்லாம் சரி என்றார்கள். இரண்டு பெண்களும் ஏதோ பரீட்சையில் சேர்ந்து தேறியவர்கள்போல ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு "மேடம்" போய் "அக்கா" வந்துவிட்டது.

காண்ட்ராக்டர் அம்மா கொல்லைக்குப் போய் நாலு வாளி தண்ணீர் கேட்டார். மதில் ஓரமாக நாலையும் மளமளவென்று கொட்டிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தண்ணிகிட்டயே கேட்டுருவோம், எங்க போறேன்னு."

ஈரம் மணலில் கொஞ்சம் சுவறியது. மீதி தண்ணீர் மெல்ல வளைந்து நெளிந்து நேராகச் சமையலறைப் படிக்கு வந்தது.

"தரை வாட்டம், அதான் சரிவு, பூரா வீட்டைப் பார்த்து இருக்கு சார். சாப்பாட்டு நேரம் தெரிஞ்ச விருந்தாளி மாதிரி வருது பாருங்க. மண்ணை எடுத்து, வாட்டத்தை அந்தப் பக்கம் திருப்பணும். நடுவுல ஒரு பள்ளம் வெட்டி, ஓட்டை போட்ட குழாய் இறக்கி, மேல ஜல்லி கொட்டிட்டா தண்ணி தானா தெருச் சாக்கடைக்குப் போயிரும். காத்து அடிக்கிற பக்கம் பூவரசும் அரளியும் வைப்போம். அதுங்களுக்கு உப்புன்னா பயம் கிடையாது. அதுங்க முதுகுக்குப் பின்னால நீங்க ஆசைப்பட்டதை வெச்சுக்கலாம்."

காண்ட்ராக்டர் அம்மாவும் முதலில் பத்து வருடம் ஒரு நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர்தானாம். பிறகு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அம்மாள் படித்து, மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை ஒரு சின்ன பொக்லைன் தெருவில் வந்து இறங்கியது. மஞ்சள் நிறம், நம்ம ஊர் மாவுமில் மெஷின் அளவுதான் இருக்கும். ஆனாலும் நீளக் கை, முனையில் பல் வைத்த பக்கெட், நடுவில் ஒரு சீட், இரண்டு லீவர். அதைப் பார்த்ததும் கிரேன்காரரின் முகம் மாறியதை என் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். தொலைந்துபோன தம்பியைப் பார்த்ததுபோல.

ஓட்ட வந்தவர் பருமனான, சாதுவான ஆள். பக்கெட்டைத் திருப்பும்போது அது லேசாக ஆடியது. அவ்வளவுதான்.

"ஆட்டாதப்பா! ஆட்டாம திருப்பு! லீவரைக் கிள்ளாத, தடவு!"

ஓட்டுநர் திரும்பிக் காண்ட்ராக்டர் அம்மாவைப் பார்த்தார். அவர் கிரேன்காரரைப் பார்த்தார். கிரேன்காரர் மெஷினைப் பார்த்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் நான் உட்கார்ந்து காட்டட்டுமாம்மா?"

"முடியாது சார்."

"முப்பத்து நாலு வருஷம்மா. ஒரு கீறல் கிடையாது."

"நீங்க நூறு வருஷம் ஓட்டியிருந்தாலும் அந்த சீட்டுல உட்கார்றவங்க பேரு பேப்பர்ல இருக்கணும். உங்க பேரு இல்ல."

"என் வீடு, என் மண்ணு!"

"மண்ணு உங்களுது. மெஷினும் பொறுப்பும் என்னோடது."

உதவிக்கு மனைவியைப் பார்த்தார். அவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டே, "பேப்பர் இல்லாம எப்படிங்க?" என்றார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கொல்லையைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். நாடாவுக்கு வெளியே நின்றுகொண்டு கத்தினால் காண்ட்ராக்டர் அம்மா முறைத்தார். கிரேன்காரர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அங்கிருந்து பார்த்ததும் மனிதருக்கு மூச்சு வந்தது. உயரத்திலிருந்து பார்த்தால் அவருக்கு எல்லாம் தெரியும். குழாய் போகிற தடம், மதிலுக்கும் மெஷினின் பின்புறத்துக்கும் இருக்கும் இடைவெளி, பக்கெட் திரும்ப வேண்டிய கோணம், எல்லாமே. வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்ட ஆரம்பித்தார். உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெதுவாக. முஷ்டியை மடக்கினால் நில். கட்டைவிரலைக் கீழே காட்டினால் இறக்கு. முதல் நாள் ஓட்டுநர் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் ஓரக்கண்ணால் பார்த்தார். மூன்றாம் நாள் பக்கெட்டைத் திருப்பும் முன் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பினார். காண்ட்ராக்டர் அம்மா எல்லாவற்றையும் கவனித்தார்.

நான்காம் நாள் மதியம் கிரேன்காரர் சாப்பிட இறங்கினார். நானும் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ரப்பர் பூட்ஸ், தொப்பி, ஃபைல்.

"வணக்கம் சார். உங்க கேட் தூணை இடிச்சிட்டோம்."

"எப்போ?"

"இப்பத்தான். டிவி சத்தத்துல உங்களுக்குக் கேக்கல போல."

எட்டிப் பார்த்தேன். பொக்லைனைத் தெருவில் திருப்பியபோது அதன் பின்புறம் இடித்து, என் கேட்டின் இடதுபக்கத் தூண் பாதியாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் இருந்த உருண்டை விளக்கு சாலையின் அந்தப் பக்கம் உருண்டு போய் நின்றது. ஓட்டுநர் பக்கத்தில் குற்றவாளிபோல நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, உண்மைதான். ஆனால் கோபத்தை முழுதாக வெளியே எடுப்பதற்குள் அந்த அம்மா நாலு பக்கமும் படம் எடுத்து, படிவத்தை நிரப்பி, என் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார். "இங்க ஒரு கையெழுத்து சார். பத்து நாள்ல புதுத் தூணு நிக்கும். விளக்கு உடையல, ஆனா அதையும் எழுதியிருக்கேன்." எனக்கோ திட்ட ஆள் கிடைத்தும் திட்ட வழியில்லாமல் போயிற்று. பத்தாவது நாள் தூண் நிற்கத்தான் செய்தது, பழையதைவிட நேராக.

அன்று சாயங்காலம் காண்ட்ராக்டர் அம்மா கிரேன்காரரிடம் போனார்.

"சார், நீங்க மாடியில இருந்த வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்க சாப்பிடப் போனதும் தூணு போச்சு. நாளையிலருந்து முறையா நீங்களே சைகை காட்டுங்களேன்."

கிரேன்காரர் இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே நாலு நாளாகக் காத்திருந்தவர்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எப்படிம்மா முடியும்? என் பேருதான் பேப்பர்ல இல்லையே."

காண்ட்ராக்டர் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சமையலறையிலிருந்து மனைவியின் சிரிப்பும் கேட்டது. மறுநாள் வேலை நடக்கவில்லை. காண்ட்ராக்டர் அம்மா பாதிநாள் இன்சூரன்ஸ் கம்பெனியின் இசையைக் கேட்டு, அதற்கு அடுத்த நாள் காலை ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். 'சைகை காட்டுபவர்' என்ற தலைப்பின் கீழ் கிரேன்காரரின் முழுப் பெயர் அச்சாகியிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். மனைவி வாங்கித் தேதி சரிபார்த்தார். பிறகு ஒரு மஞ்சள் மேல்சட்டையும் தலைக்கவசமும் வந்தன. அவற்றை மாட்டிக்கொண்டு அவர் மாடிப்படி ஏறினபோது எங்கும் தடுக்கவில்லை.

வேலை முடிந்த மூன்றாவது வாரம் முதல் மழை வந்தது. நல்ல கனமழை. குடையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். கணவனும் மனைவியும் சமையலறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சினிமா பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொல்லையெல்லாம் தேங்கி, ஒரு நிமிடம் யோசித்து, பிறகு ஜல்லிப் பள்ளத்தைக் கண்டுபிடித்து அதற்குள் இறங்க ஆரம்பித்தது. கடகடவென்று குழாய்க்குள் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. "போகுது, போகுது!" என்று அம்மாள் கைதட்டினார். நட்டுவைத்த பூவரசங்கன்றுகள் மழையில் தலையாட்டின. துண்டுகள் அலமாரியிலேயே இருந்தன.

ஆனால் மெஷின் போன பிறகு கிரேன்காரர் சுருங்கிப்போனார். மாடிக்குப் போவார், காலிக் கொல்லையைப் பார்ப்பார், இறங்கி வருவார். மஞ்சள் சட்டையைத் துவைத்து மடித்துக் காண்ட்ராக்டர் அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார். அல்லது மறந்ததாகச் சொன்னார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மனைவி, அவருக்குத் தெரியாமல் காண்ட்ராக்டர் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"அந்த மெஷினை ஓட்டறதுக்கு வயசு வரம்பு ஏதாவது இருக்கா?"

"இல்லக்கா. கண்ணும் காதும் நல்லா இருக்கணும், பரீட்சை பாஸ் பண்ணணும். எங்க ஓட்டுநர் வேற ஊருக்கு மாறிப் போறாரு. நானே கேக்கலாம்னுதான் இருந்தேன். சாருக்குக் கௌரவக் குறைச்சலா இருக்குமோன்னு பயந்தேன்."

"கௌரவமா? தினம் ரெண்டு டம்ளர் உடையுதும்மா."

அறுபத்தொரு வயதில் அவர் பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். கூடப் படித்தவர்களில் பலருக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. பாடப் புத்தகத்தைச் சமையலறை மேஜையில் விரித்து மனைவி கேள்வி கேட்பார், அவர் பதில் சொல்வார். தப்பாகச் சொன்னால் அம்மாள் சிவப்பு மையில் குறித்துக்கொள்வார். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். செய்முறைத் தேர்வு அவருக்கு ஊதித் தள்ளுகிற விஷயம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். சாயங்காலம் தொங்கிய முகத்தோடு வந்தார். ஃபெயில்.

நடந்தது இதுதான். தேர்வாளர் "ஆரம்பிங்க" என்றிருக்கிறார். இவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, லீவரில் கைவைத்து, தேர்வாளரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தேர்வாளர் இவரைப் பார்த்திருக்கிறார். இப்படியே நேரம் ஓடிவிட்டது.

"ஏண்ணே, ஓட்ட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"கீழ இருந்து யாராவது கைகாட்டாம நான் ஒரு நாளும் லீவரைத் தொட்டதில்லப்பா. வகுப்புலயும் வாத்தியார் கை காட்டுனாரு. அந்த ஆளு கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு! நான் என்ன பண்ணுவேன்?"

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். எனக்கும் தாங்கவில்லை. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை போனபோது, "யாரும் கை காட்ட மாட்டாங்க, நீங்களே போங்க" என்று மனைவி ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டார். பாஸ்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிறார். காலை ஏழு மணிக்குக் காண்ட்ராக்டர் அம்மாவின் வண்டி வந்து ஹார்ன் அடிக்கும். முழங்கால் வலிக்கிறது என்கிறார், ஆனால் போகாத நாட்களில்தான் அதிகம் வலிக்கிறதாம். பாதத்தில் கல் விழுந்த அந்த மண்வெட்டிக்காரரையும் அவரே சொல்லிக் காண்ட்ராக்டர் அம்மாவிடம் சேர்த்துவிட்டார். இருவரும் ஒரே வண்டியில் போகிறார்கள்.

போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குளம் வெட்டிவிட்டு வந்தார். உடம்பெல்லாம் சேறு. காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று மனைவி உத்தரவு போட்டிருந்ததால் வாசல் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். பழைய வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"அங்க எத்தனை லட்சம் பெட்டி தூக்கியிருப்பேன், சொல்லு. ஒண்ணுலகூட உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பூட்டி வரும், பூட்டிப் போகும். இப்ப என்ன தூக்கறேன்னு தெரியுதுப்பா. இன்னைக்கு மட்டும் ஒரு ஸ்பூன், ஒரு பொம்மையோட கை, அப்புறம் இது."

பையிலிருந்து துருப்பிடித்த சைக்கிள் மணியை எடுத்துக் குழாயில் அலசினார். கட்டைவிரலால் தட்டினார். மண் கரைந்து ஒழுக ஒழுக அது கிணிங் என்றது. உள்ளேயிருந்து மனைவி, "யாரது வாசல்ல?" என்று கேட்டார்.

"நான்தான்" என்று சொல்லி இன்னொரு தடவை அடித்தார்.